நொச்சி போட்டுக் கட்டிய மூட்டை: சித்திரை முதல் தை வரை

தானிய மூட்டையின் வாயைக் கட்டுமுன், பூச்சி அண்டாமலிருக்க நாலு கொத்து நொச்சி இலையை ஒடித்துச் செருகிவிடுவார்கள். நாலு மாதம் கழித்துப் பிரித்தால் அந்து பறக்கும். 'இலையெல்லாம் சும்மா' என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தப்பு பெரும்பாலும் இலையில் இருக்காது. பச்சையாகப் போட்டிருப்பார்கள், அல்லது பூச்சி ஏற்கனவே புகுந்த தானியத்தில் போட்டிருப்பார்கள், அல்லது போட்டதோடு மறந்திருப்பார்கள்.

நொச்சி இலை வண்டைக் கொல்லாது. கசக்கினால் மூக்கில் ஏறுகிறதே, அந்த எண்ணெய் வாடைதான் வேலை செய்கிறது. வெளியிலிருந்து வரும் பூச்சியைத் தயங்க வைக்கும், வந்துவிட்ட பூச்சி முட்டையிடுவதைக் குறைக்கும். மணிக்குள் துளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புழுவுக்கு அந்த வாடை எட்டவே எட்டாது. ஆகவே இலை வைப்பது கடைசி வேலை. காயவைப்பதும் சுத்தம் செய்வதும் ஒழுங்காக முடிந்திருந்தால் மட்டுமே அதற்குப் பலன் உண்டு.

இந்தக் குறிப்பு காவிரிப் படுகையின் இரண்டு சரக்குகளைப் பற்றியது. ஒன்று, தை–மாசியில் அறுத்து ஆவணி நாற்றங்கால் வரை வைக்கும் சம்பா விதைநெல். இன்னொன்று, நெல் தரிசில் தெளித்து பங்குனி–சித்திரையில் எடுத்து அடுத்த தை வரை, ஒன்பது மாதம் வைக்கும் உளுந்து விதை. இரண்டுக்கும் ஒரே இலைதான், போடும் விதம்தான் வேறு. காரணம் பூச்சி.

எந்தப் பூச்சி, எங்கே முட்டையிடுகிறது

உமியோடு இருக்கும் நெல்லில் அரிசிக் கூன்வண்டு அவ்வளவாகப் புகாது, உமி அதற்குத் தடை. நெல் மூட்டையின் எதிரிகள் இரண்டு. வைக்கோல் நிறத்தில் சிறகு மடித்து உட்காரும் அந்து முதலாவது. அது வயலிலேயே கதிரில் முட்டையிடத் தொடங்கிவிடும். சிறகுள்ள பூச்சியாதலால் குவியலுக்குள் ஆழமாகப் போக முடியாது, மேல்பகுதியிலும் மூட்டை ஓரத்திலும்தான் சேதம். இரண்டாவது தானியத் துளைப்பான், 3 மில்லிமீட்டர் நீளத்தில் உருளையாக, தலையை உள்ளே இழுத்துக்கொண்ட பழுப்பு வண்டு. இது எந்த ஆழத்துக்கும் போகும். மூட்டையடியில் மாவு கொட்டிக் கிடந்தால் இதன் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உளுந்தில் பயறு வண்டு ஒன்றுதான், ஆனால் அது போதும். முற்றிய நெற்றின் மேலேயே முட்டை வைத்துவிடும், களத்துக்கு வரும்போதே சரக்கோடு சேர்ந்து வரும். உளுந்து கருப்பாக இருப்பதால் இந்த முட்டையை வெறுங்கண்ணால் பார்க்கலாம். மணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் குண்டூசித் தலையைவிடச் சிறிய நீள்வட்டப் புள்ளி தெரியும். புள்ளி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் முட்டை இன்னும் பொரியவில்லை. பால் வெள்ளையாக மாறியிருந்தால் புழு பொரிந்து, முட்டையின் அடிவழியாக மணிக்குள் துளைத்துப் போய்விட்டது. துளைக்கும்போது வந்த துகளால் முட்டை ஓடு நிரம்புவதால்தான் அந்த வெள்ளை. எனவே வெள்ளைப் புள்ளியைத் துடைத்து எடுத்துப் பயனில்லை, ஆள் உள்ளே போயாகிவிட்டது. மூன்று, நான்கு வாரத்தில் மணியின் பக்கத்தில் வட்டமாக ஒரு மெல்லிய 'ஜன்னல்' தெரியும். அதைத் தள்ளிக்கொண்டு வண்டு வெளியே வரும், ஒரு வாரம் பத்து நாள் உயிரோடிருக்கும், எதையும் தின்னாமல் முட்டை மட்டும் இட்டுவிட்டுச் சாகும்.

இதிலிருந்து செய்முறை தானாக வருகிறது. நெல்லில் இலையை முழுசாக, அடுக்காகப் போட்டால் போதும். மேலும் ஓரத்திலும் கனமாக இருக்க வேண்டும். உளுந்தில் ஒவ்வொரு மணியின் மேல்தோலும் முட்டையிடும் இடம் என்பதால் இலையைத் தூளாக்கி ஒவ்வொரு மணியிலும் படவைக்க வேண்டும். உளுந்து மூட்டையில் முழு இலையைச் செருகுவது பெரும்பாலும் வீண் உழைப்பு.

இலை பறித்தலும் உலர்த்தலும்

வாய்க்கால் கரை, ஆற்றோரம், வேலி என்று நொச்சி எங்கும் கிடைக்கும். ஆடு வாய் வைக்காது என்பதால்தான் வேலிக்கு அதை நட்டார்கள். ஐந்து விரல் விரித்தாற்போல் இருக்கும் முற்றிய இலையைப் பறிக்க வேண்டும். நுனிக்கொழுந்து வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம், காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. கருநொச்சி என்று சொல்வது வேறு செடி. ஒற்றை இலையாக நீண்டிருக்கும், அதைப் போட்டு ஏமாற வேண்டாம்.

காலையில் பனி உலர்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்குப் பறிப்பது நல்லது. மழை பெய்த மறுநாள் பறிக்காதீர்கள். காம்போடு கொத்தாக ஒடிக்காமல் இலையை மட்டும் உருவி எடுங்கள். குச்சி மெதுவாகத்தான் காயும். காயாத குச்சி ஒன்று மூட்டைக்குள் போனால் அதைச் சுற்றி ஒரு கைப்பிடி நெல் பூஞ்சணம் பூத்துவிடும்.

உலர்த்துவது நிழலில் மட்டும். திண்ணை, தாழ்வாரம், காற்று ஓடும் கொட்டகை, எதுவும் சரி. பாயிலோ சணல் சாக்கிலோ ஒரு விரற்கடை கனத்துக்கு மேல் பரப்ப வேண்டாம். தினம் இரண்டு முறை புரட்ட வேண்டும். சித்திரை வெக்கையில் 4 நாள், மூட்டமான நாளில் 7 நாள் வரை ஆகும். வெயிலில் போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடும், ஆனால் எண்ணெய் வாடையும் அதோடு போய்விடும். பழுப்பாகி, முகர்ந்தால் வைக்கோல் போல இருந்தால் அது வெயிலில் காய்ந்த இலை. அது குப்பைக்குழிக்கு.

பதம் பார்ப்பது எளிது. இலையின் நடுநரம்பை வளையுங்கள். 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள். கசக்கினால் நொறுங்க வேண்டும், நிறம் மங்கிய பச்சையாகவே இருக்க வேண்டும், வாடை கண்ணைக் கரிக்கிற அளவுக்கு இல்லாவிட்டாலும் சட்டென்று தெரிய வேண்டும். 3 கிலோ பச்சை இலை ஏறத்தாழ 1 கிலோவாக வற்றும்.

பச்சையாகவே போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60 கிலோ நெல், 13 சதவீத ஈரம். அதாவது உள்ளே 7.8 கிலோ தண்ணீர். இதற்கு 1.2 கிலோ காய்ந்த இலை தேவை. அதையே பச்சையாகப் போட்டால் 3.6 கிலோ இலை, அதில் சுமார் 2.4 கிலோ தண்ணீர். அது முழுவதும் நெல்லுக்குள் இறங்கினால் ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டும். நடைமுறையில் எல்லா மணிக்கும் சமமாகவும் இறங்காது. இலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நெல் 20-க்கு மேல் போகும், ஒரு முழம் தள்ளியிருப்பது 13-லேயே இருக்கும். இலை இருந்த இடம் மட்டும் பூஞ்சணம் பிடித்துக் கட்டிதட்டுவது இதனால்தான். பூச்சிக்குப் போட்ட இலை பூஞ்சணத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

தானியத்தின் ஈரம்

விதைநெல் 13 சதவீதத்துக்குக் கீழே, உளுந்து விதை 9 சதவீதம். ஈரமானி இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் உப்பு பாட்டிலை வைத்துக் குறைந்தபட்சம் மோசமான ஈரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கல்லுப்பைப் பொடித்து வாணலியில் ஈரம் போக வறுத்து ஆறவைக்கவும். சுத்தமான, உலர்ந்த 750 மில்லி கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் மூன்று தேக்கரண்டி உப்பும் போட்டு மூடி, 1 நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் வைக்கவும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே. அவ்வளவுதான் இந்தச் சோதனை சொல்லும். 13-ஆ 14-ஆ என்று சொல்லாது. அதற்குப் பிறகும் இன்னும் ஒரு நாள் வெயில் காட்டுவது பழுதில்லை. உளுந்தைக் கடித்தால் பல்லில் அமுங்காமல் இரண்டாக வெடிக்க வேண்டும்.

நெல்லை மட்டும் ஒரே மூச்சில் உச்சி வெயிலில் வறுக்காதீர்கள். மணிக்குள் கீறல் விழும். அரிசிக்குப் போகும் நெல்லானால் அரவையில் குருணையாகும். காலையும் மாலையும் காயவைத்து உச்சியில் மூடிப் போடுவது பழைய வழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது.

நெல் மூட்டை கட்டுதல்

சாக்கில்தான் பாதி பூச்சி ஒளிந்திருக்கிறது. பழைய சணல் சாக்கை உள்வெளியாகத் திருப்பி, தையல் ஓரத்தைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். கொட்டுவதைப் பார்த்தால் புரியும். வெந்நீரில் முக்கி எடுத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைப்பது அடிப்படை. கூடுதலாக, வேப்பங்கொட்டைப் பருப்பு 500 கிராமை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, அதில் சாக்கை அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் முழுக்கக் காயவிடலாம். விதைச் சாக்குக்கு இதைச் செய்யாமல் விட வேண்டாம்.

அளவு: 100 கிலோ நெல்லுக்கு 2 கிலோ காய்ந்த இலை. 60 கிலோ மூட்டைக்கு 1.2 கிலோ. இங்கே பலர் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. காய்ந்த இலை எடையில் கொஞ்சம், கொள்ளளவில் நிறைய. 1 கிலோ இலை கிட்டத்தட்ட ஒரு வாளி நிறையும். 60 கிலோ பிடிக்கும் சாக்கில் 60 கிலோ நெல்லையும் போட்டு இலையையும் திணிக்க முடியாது. கடைசியில் பாதி இலை வெளியே நிற்கும். 75 கிலோ பிடிக்கும் சாக்கை எடுத்து அதில் 60 கிலோ போடுங்கள்.

அடியில் 200 கிராம் இலை பரப்பி, அதன்மேல் 20 கிலோ நெல். பிறகு 200 கிராம் இலையில் பாதியை நடுவிலும் பாதியைச் சாக்கின் ஓரத்தைச் சுற்றியும் வைத்து அடுத்த 20 கிலோ. மறுபடி அதே போல 200 கிராம் வைத்துக் கடைசி 20 கிலோ. மீதமுள்ள 600 கிராமும் மேலே. மேல் அடுக்கு இரண்டு விரல் கனம் இருக்க வேண்டும், அந்து இறங்கும் வழி அதுதான். இலையைக் கையால் இரண்டு மூன்று துண்டாக உடைத்தாலே போதும். பொடித்துவிட்டால் நெல்லோடு கலந்து, பிறகு பிரிப்பது பெரும்பாடு. முழு இலையென்றால் தூற்றினாலே பறந்துவிடும்.

சாக்கின் வாயை மடித்துக் கோணூசியால் நெருக்கமாகத் தையுங்கள். சும்மா சுருட்டிக் கட்டினால் இடுக்கு வழியே அந்து போய்வரும். காய்ந்த நெல்லைச் சூட்டோடு கட்டவே கூடாது. இரவு ஆறவைத்து, விடியலில் பனி இறங்குமுன் மூடி, காலையில் கட்ட வேண்டும். சூடான நெல்லின் ஆவி மேலே போய்க் குளிர்ந்து மேல் அடுக்கை நனைக்கும். இலையின் எண்ணெயும் அந்தச் சூட்டிலேயே ஓடிவிடும்.

தரையில் நேராக வைக்காமல் ஒரு சாண் உயரப் பலகை மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள். எலிக்கு நொச்சி ஒரு பொருட்டே அல்ல. அதற்குப் பொறியும் பூனையும்தான்.

உளுந்து: முதலில் சூடு, பிறகு தூள்

30 கிலோ விதை என்று வைத்துக்கொள்வோம், மூன்று ஏக்கர் தரிசுக்கு ஒட்டுமொத்தமாகச் சரியாக இருக்கும். நெற்றைத் தட்டி, தூற்றி, சல்லடையில் உடைந்ததையும் சுருங்கியதையும் நீக்கி, 9 சதவீதத்துக்குக் காயவைத்த பிறகு வண்டு முட்டையைக் கொல்லும் வேலை. இதை விட்டுவிட்டு நேராக இலைத்தூளுக்குப் போகிறவர்கள்தான் ஆனியில் வந்து குறைபடுகிறார்கள்.

களத்தில் வைக்கோலோ பழைய சாக்கோ விரித்து, அதன்மேல் கருப்புப் பாலித்தீன் தாள், அதன்மேல் உளுந்து 2 சென்டிமீட்டர் கனத்துக்கு. 30 கிலோவுக்கு சுமார் 2 சதுர மீட்டர் போதும். மேலே நிறமில்லாத பாலித்தீன் தாளைப் போர்த்தி நாலு ஓரமும் மணல் போட்டு அமுக்குங்கள். சித்திரை வெயிலில் 11 மணிக்குப் போட்டால் பகல் 1 மணி அடிப்பதற்குள் உள்ளே 57 டிகிரியைத் தாண்டும். 57 டிகிரியில் 1 மணி நேரம் நின்றால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாமே சாகும். சமையல் வெப்பமானி ஒன்றை உளுந்துக்குள் செருகி வையுங்கள். கணிப்பில் செய்ய வேண்டிய வேலை இல்லை இது. விதையாதலால் 65-க்கு மேல் ஏறவிடாதீர்கள். ஏறினால் ஓர் ஓரத்தைத் தூக்கிவிடுங்கள்.

மேல் தாளின் அடிப்பக்கம் நீர்த்துளி கோத்தால் உடனே நிறுத்துங்கள். சரக்கு இன்னும் ஈரம் என்று அர்த்தம். ஈரமான விதையை அந்தச் சூட்டில் வைப்பது அவிப்பதற்குச் சமம், முளைப்பு போய்விடும். திறந்து இரண்டு நாள் சாதாரண வெயிலில் காயவைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

சூடு முடிந்ததும் ஆறவைக்க வேண்டும். ஆறுகிற நேரத்தில் திறந்து கிடந்தால் பக்கத்துக் குவியலில் இருந்து புதிய வண்டு வந்து முட்டையிட்டுவிடும். மெல்லிய வேட்டித் துணியால் முழுவதும் மூடி ஆறவிடுங்கள்.

அடுத்து தூள். காய்ந்த நொச்சியை மிக்சியில் அரைத்து மாவுச் சல்லடையில் சலித்து எடுக்கவும். நரம்பும் திப்பியும் போக, 3 கிலோ பச்சை இலைக்கு 700–800 கிராம் தூள் கிடைக்கும். 30 கிலோ உளுந்துக்கு 750 கிராம் தேவை. தூளாக்கினால் வாடை வேகமாகப் போகும், அதனால் கலக்கும் அன்றே அரையுங்கள். அரைத்துவிட்டு அடுத்த வாரம் வரை வைப்பதானால் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மில்லில் கொடுத்து அரைக்க வேண்டாம், மிளகாயும் மல்லியும் அரைத்த கல்லில் இதையும் விட்டால் இரண்டு பக்கமும் கெட்டுப்போகும்.

வெறும் தூள் உளுந்தின் வழுவழுப்பான தோலில் நிற்காமல் சாக்கின் அடிக்கு இறங்கிவிடும். ஆகவே முதலில் எண்ணெய். கடலை எண்ணெயோ விளக்கெண்ணெயோ, கிலோவுக்கு 5 மில்லி, மொத்தம் 150 மில்லி. தார்ப்பாயில் 10 கிலோ வீதம் மூன்று கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் 50 மில்லியைத் தெளித்துக் கையால் பிசிறி, மணி எல்லாம் மினுக்கும் வரை புரட்டுங்கள். பிறகு 250 கிராம் தூளைத் தூவிக்கொண்டே புரட்ட வேண்டும். எண்ணெய்ப் பூச்சு இங்கே பசை மட்டும் அல்ல. முட்டை ஒட்டாமல் வழுக்கும், ஒட்டிய முட்டையும் மூச்சடைத்துச் சாகும். பார்க்கப்போனால் உளுந்தில் எண்ணெய் செய்யும் வேலை இலை செய்வதைவிடப் பெரிது. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், நொச்சித் தூள் தும்மலைக் கிளப்பும்.

எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்கு அடுப்புச் சாம்பல் இருக்கிறது. ஆனால் ஒரு கைப்பிடி தூவுவதால் ஆவது ஒன்றுமில்லை. 4 படி உளுந்துக்கு 3 படி சலித்த சாம்பல் வேண்டும். மணிகளுக்கு இடையே உள்ள சந்தெல்லாம் அடைபட்டால்தான் வண்டு நகர முடியாது. அந்த அளவுக்குச் சாம்பல் சேர்வது விறகடுப்பு எரிகிற வீட்டில் மட்டும்தான் நடக்கும்.

பாசிப்பயறுக்கும் தட்டைப்பயறுக்கும் இதே முறை. அவை உளுந்தைவிடச் சீக்கிரம் வண்டுக்கு இரையாகும், அதனால் சூடு காட்டுவதை ஒருபோதும் தவிர்க்க முடியாது.

குதிர், குலுக்கை, கோட்டை

மண் குதிரிலும் தெற்கத்திக் குலுக்கையிலும் மேல்வழியாகக் கொட்டி அடித்துளை வழியாக எடுக்கிறோம். இலையை அடுக்காகப் போட்டால் தானியம் இறங்க இறங்க அடுக்கு குலைந்து, இலை எல்லாம் துளைக்கு வந்து அடைத்துக்கொள்ளும். இங்கே பழைய பருத்தித் துணியில் 100 கிராம் இலையை முடிச்சாகக் கட்டி, 5 கிலோவுக்கு ஒன்று வீதம் போடுவது சௌகரியம். முடிச்சு அடித்துளைக்கு வந்தால் எடுத்து, புது இலை மாற்றி, மேலே போட்டுவிடலாம். மேல்மட்டத்தில் மட்டும் ஒரு சாண் வைக்கோலும் அதற்கடியில் இரண்டு விரல் நொச்சியும் வைத்து மூடியைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுக வேண்டும்.

வைக்கோல் புரியால் கட்டும் விதைக்கோட்டை இன்று அபூர்வம். கட்டுகிறவர்கள் உள்சுற்றில் நொச்சியையும் வேம்பையும் சேர்த்துச் சுற்றுவார்கள். புறத்திணையில் கோட்டை மதில் காக்கிறவர்கள் சூடியது நொச்சிப் பூ. நெல்கோட்டைக்குள்ளும் அதே செடி வந்து காவல் நிற்பது தற்செயலாகக்கூட இருக்கலாம், ஆனாலும் பொருத்தம்தான்.

மற்ற இலைகள்

வேப்பிலை எளிதில் கிடைக்கும், ஆனால் வேம்பின் வீரியம் கொட்டைப் பருப்பில்தான் அதிகம், இலையில் குறைவு. நொச்சி கிடைக்காத ஊரில் வேப்பிலையை அதே 2 சதவீதத்தில் போடலாம். பாதிக்குப் பாதி கலந்தும் போடலாம். விதைக்கு மட்டுமானால் 100 கிலோவுக்கு 1 கிலோ வேப்பம்பருப்புத் தூள் இதைவிட மேல். சாப்பாட்டுத் தானியத்தில் அது வேண்டாம், கசப்பு போகாது. புங்க இலையில் வாடை குறைவு. யூகலிப்டஸ் இலையில் வாடை தூக்கலாக இருக்கும், ஆனால் அரிசியிலும் ஏறி நிற்கும்.

வசம்பு கிழங்குத் தூள் இலைகள் எல்லாவற்றையும்விட வலுவானது. அதே காரணத்தால் விதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலுள்ள அசரோன் என்ற பொருள் ஆய்வுக்கூட எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை செய்தார்கள். பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிற வீட்டில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் உண்ணும் பயறில் கலக்காதீர்கள்.

எருக்கு, அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி இவற்றைச் சாப்பிடும் தானியத்தின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். சீத்தாக்கொட்டைத் தூளும் அப்படித்தான், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

பிரித்துப் பார்க்கும் நாட்கள்

முதல் சோதனை கட்டிய 25-ஆவது நாளிலிருந்து 30-ஆவது நாளுக்குள். சூடு காட்டியதில் தப்பிய புழு இருந்தால் வண்டாகி வெளிவருவது அப்போதுதான். அந்த முதல் தலைமுறையைப் பிடித்துவிட்டால் பிழைத்தோம். ஒரு வண்டு அறுபது, எண்பது முட்டை வைக்கும். அடுத்த மாதம் கணக்கு கைமீறும்.

கையை மூட்டைக்குள் முழங்கை வரை விடுங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் பூச்சியோ ஈரமோ வேலை செய்கிறது. மேல், நடு, அடி மூன்று இடத்திலும் சேர்த்து 1 கிலோ எடுத்துச் சலியுங்கள். உளுந்தில் 100 மணி எண்ணி வெள்ளைப் புள்ளி பாருங்கள். தூளைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், தூளே புள்ளி போல ஏமாற்றும். மூட்டைகள் பத்துக்கு மேல் இருந்தால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த தானியப் பொறி ஒன்று வாங்கி வைக்கலாம். 2 மில்லிமீட்டர் துளைகள் இட்ட குழாய், அடியில் கூம்பு. காற்றைத் தேடும் வண்டு துளைக்குள் நுழைந்து கூம்பில் விழும். தினம் காலையில் கழற்றி எண்ணினால் மூட்டையைப் பிரிக்காமலே நிலவரம் தெரியும்.

இலையின் வாடை இரண்டரை, மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது. சணல் சாக்கு மூச்சுவிடும், வாடையும் போகும். சித்திரையில் கட்டியதை ஆடியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை மாற்றிக் கட்ட வேண்டும். இதில் புரட்டாசி முக்கியம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தைச் சாக்கிலுள்ள சரக்கு குடிக்கத் தொடங்கும். அப்போது வெயிலும் இருக்காது, காய்ந்த இலையும் கிடைக்காது. புரட்டாசி வெயிலில் ஒரு நாள் காயவைத்து, ஆறவைத்து, புது இலை போட்டு அடைத்துவிடுங்கள். அந்த இலையை ஆவணியிலேயே பறித்து உலர்த்தி டப்பாவில் வைத்திருக்க வேண்டும். உளுந்தில் மாற்றும்போது பழைய தூளைச் சலித்துவிட்டுப் புதுத்தூள் போட்டால் போதும், எண்ணெய் மறுபடி வேண்டாம்.

காற்றுப் புகாத பலஅடுக்குப் பையில் வைப்பவர்களுக்கு இலை தேவையில்லை. உள்ளேயுள்ள பிராணவாயு தீர்ந்து பூச்சி தானே சாகும். இலையின் காம்பு உள்தாளில் ஒரு துளை போட்டால் அந்தப் பையின் பயனே போயிற்று.

கெட்டால் என்ன செய்வது

மூட்டையில் ஒரு இடம் மட்டும் கட்டிதட்டி முக்கல் வாடை அடித்தால் இலையோ குச்சியோ காயாமல் போனது. அந்தக் கட்டியைச் சுற்றி ஒரு முறம் நெல்லை அள்ளிக் கழியுங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். மீதியைக் காயவைத்துப் புது இலையில் கட்டலாம்.

உளுந்தில் 100-க்கு இரண்டு மூன்று மணியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் வெயில் இருக்கும் நாளில் சலித்து, பாலித்தீன் சூட்டை மறுபடி கொடுத்து, தூளும் எண்ணெயும் முதலிலிருந்து. பத்துக்கு மேல் என்றால் விதை என்ற எண்ணத்தை விட்டு, உடனே உடைத்துப் பருப்பாக்கிவிடுங்கள். உடைத்த பருப்பில் பயறு வண்டு அவ்வளவாகத் தங்காது. இந்தக் கட்டத்தில் இன்னும் இரண்டு கிலோ நொச்சியைக் கொட்டுவது வேலைக்கு ஆகாது. வீட்டுக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் போட்டு மூடுவது அதைவிட மோசம். அதிலிருந்து கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். மனிதர் படுக்கிற கூரையின் கீழே அந்த மாத்திரைக்கு இடமே இல்லை.

நெல் முழுவதும் அந்து பறந்தால் விதைக்கு ஆகாது. புழுக்கி அரைத்துவிடலாம். புழுக்கும்போது நொச்சி வாடையும் போய்விடும். பச்சரிசிக்கு அரைப்பதானால் இரண்டு நாள் முன்பே தூற்றி இலையை நீக்கி, காற்றாட விரித்து வையுங்கள்.

உங்கள் ஊர் இலையை நீங்களே சோதிக்க

நொச்சியின் வீரியம் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். இரண்டு கண்ணாடி பாட்டில் போதும். சூடு காட்டிய, முட்டையில்லாத பாசிப்பயறு அரைக்கிலோ வீதம் போடுங்கள். ஒன்றில் 12 கிராம் இலைத்தூள் கலந்து, மற்றதை வெறுமனே விடுங்கள். இரண்டிலும் உயிருள்ள 20 வண்டு விட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி ஒரே நிழலில் வையுங்கள். ஐந்தாம் நாள் வண்டுகளைச் சலித்து எடுத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் 100 மணி எண்ணி முட்டை கணக்கெடுங்கள். பாசிப்பயறின் பச்சைத் தோலில் புள்ளி அவ்வளவு பளிச்சென்று தெரியாது, கையில் ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். தூள் போட்டதில் முட்டை பாதிக்கும் கீழே இல்லையென்றால் அந்தச் செடியின் இலையை விட்டுவிட்டு வேறு கரையில் பறித்துப் பாருங்கள், அல்லது உலர்த்தியதில் தவறு நடந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

தையில் விதைக்குமுன், 2 மில்லிமீட்டர் சல்லடையில் தூளை நீக்கி, பழைய துணியில் உளுந்தைப் போட்டுப் புரட்டித் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மீதமிருந்தால் விதைக்குமுன் பூசும், ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்த கஞ்சி மணியில் நிற்காமல் வழுக்கும். ஈரச்சாக்கில் 100 மணி சுருட்டி வைத்து 7 நாளில் முளைத்ததை எண்ணுங்கள். உளுந்துக்கு 75, நெல்லுக்கு 14 நாளில் 80 இருந்தால் தாராளமாக விதைக்கலாம். 60, 65 என்று நின்றால் அந்த அளவுக்கு விதையைக் கூட்டித் தெளியுங்கள். சலித்த தூளையும் பழைய இலையையும் எருக்குழியில் கொட்டுங்கள், வீட்டு மூலையில் குவித்து வைத்தால் அதிலிருக்கும் நாலு வண்டு திரும்பி வரும்.